கன்னியப்பன் காய்ச்சிய எண்ணெய்

பள்ளிகொண்டாவில் கன்னியப்பன் வீடு எது என்று கேட்டால் யாரும் தெருப்பெயர் சொல்ல மாட்டார்கள். மூக்கைப் பொத்திக் காட்டுவார்கள். ஏரிக்கரையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, உள்ளே மூன்று இரும்பு டிரம், வாசலில் ஒரு பழைய ஜீப். அந்தக் கொட்டகையில் தோல் கழிவிலிருந்து கொழுப்பை எடுத்து, அதை வண்டி ஓட்டுகிற எண்ணெயாக மாற்றினார் அந்த மனிதர். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்த எண்ணெயில் ஓடிய ஜீப்பில் என் கையால் வேலை பார்த்தவன் நான். ஹைவே ஓரம் டீசல் மெக்கானிக் தபரேஸ் என்றால் இந்தப் பக்கம் போகிற லாரிக்காரர்களுக்குத் தெரியும்.

அவரைப் பற்றி டீக்கடையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கிறுக்கன் என்கிறார்கள், பேராசைக்காரன் என்கிறார்கள், தை மாதம் வரை என்னையும் சேர்த்துத் திட்டினார்கள். டீக்கடையில் உட்கார்ந்து அடுத்தவன் வீட்டு இழவை அலசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நடந்தது முழுசாகத் தெரிந்தவர்கள் அவருடைய வீட்டாரும் நானும் மட்டும்தான். வீட்டார் பேச மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

கன்னியப்பன் இருபது வருஷத்துக்கு மேல் ஆம்பூரில் ஒரு டேனரியில் வேலை பார்த்தவர். மாட்டுத் தோலோ ஆட்டுத் தோலோ, அதன் உள்பக்கம் ஒட்டியிருக்கிற சதையையும் கொழுப்பையும் மெஷினில் விட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும். அப்படி வருகிற கழிவை ஜவ்வு என்பார்கள். தோல் ஷூவாகிக் கப்பல் ஏறும். ஜவ்வு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துக் கொட்டிவிட்டு வருவார்கள். நாயும் காக்கையும் மிச்சம் வைத்ததை மழைத் தண்ணீர் பாலாற்றுக்கு இழுத்துக்கொண்டு போகும். இருபது வருஷம் சுரண்டிய கழிவு மொத்தமும் எங்காவது நாறிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு அவரை விடவே இல்லை. சோறு தின்னும்போதுகூட அது ஞாபகம் வரும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

டேனரியை மூடியபோது கையில் கிடைத்ததை வைத்து இந்த ஜீப்பை வாங்கினார். அணைக்கட்டிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறுகிற ரோட்டில் ஆட்களை ஏற்றி இறக்கினார். பஸ் மலையடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அவருடைய ஜீப்தான் பஸ், அவருடைய ஜீப்தான் ஆம்புலன்ஸ். டீசல் விலை ஏறும்போதெல்லாம் மலைக்காரர்களிடம் ஜாஸ்தி கேட்க அவருக்கு வாய் வராது. அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்லூரியில் இலவசப் பயிற்சி என்று போர்டு பார்த்துப் போனார். புங்கங்கொட்டை, பஜ்ஜி சுட்டு மிஞ்சிய எண்ணெய், கசாப்புக் கடைக் கொழுப்பு, இதிலிருந்தெல்லாம் டீசலுக்கு மாற்றாக ஒரு எண்ணெய் தயாரிக்கலாம் என்று அங்கே நிஷா மேடம் என்ற விரிவுரையாளர் செய்து காட்டினார். கன்னியப்பன் எழுந்து, ஜவ்வுக் கொழுப்பு ஆகுமா என்று கேட்டார். ஆகும் என்றார் அந்த அம்மா. ஆனால் எப்போதும் நாலு பங்கு டீசலுக்கு ஒரு பங்குதான் கலக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் நேராக என் கடைக்குத்தான் வந்தார். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பாய், பூமிக்கு அடியில இருந்து எடுக்கறது ஒரு நாளைக்கு தீந்துடும். ஆம்பூர்ல தோல் இருக்கிற வரைக்கும் ஜவ்வு தீராது" என்றார்.

முதல் மூன்று மாதம் அவர் காய்ச்சியதெல்லாம் சோப்பாகவே ஆனது. செய்முறையே அப்படித்தான். ஜவ்வை வேகவைத்து, மேலே மிதக்கிற கொழுப்பை வழித்து வடிகட்டி, அதில் காஸ்டிக் காரமும் ஸ்பிரிட் மாதிரி ஒரு மருந்தும் அளவாகச் சேர்த்துச் சூடாக்க வேண்டும். ஈரம் இருந்தாலோ அளவு தப்பினாலோ சோப்பு. அவர் சம்சாரம் சௌந்தரம் அந்தச் சோப்பை வைத்துப் பாத்திரம் தேய்த்தார். தெருவில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். ஒருத்தரும் இரண்டாவது முறை வாங்கவில்லை. அந்த நாற்றத்துக்கு அழுக்குப் பாத்திரமே தேவலை என்று என் வீட்டுக்காரி ஜஹீருன்னிசா சொன்னாள்.

பிறகு பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் பாட்டிலோடு வந்து நின்றார். உள்ளே தேன் நிறத்தில், எதிரே இருக்கிற ஆள் முகம் தெரிகிற அளவுக்குத் தெளிந்த எண்ணெய்.  ஜீப்பில் ஊற்றட்டுமா என்று கேட்டார். ஊற்றினதையெல்லாம் குடிக்க டீசல் பம்ப் என்ன உங்கள் மச்சானா என்று நான் கத்தினேன். கத்திவிட்டு நானே ஊற்றினேன். வண்டி ஓடியது. புகையில் பக்கோடா வாசனை. ஜீப்புக்குப் பின்னால் போனால் பசி எடுக்கிறது என்று மலைக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் வாழ்க்கையில் சுரண்டி எறிந்தது போக, அவராக உருவாக்கியது என்று இருந்தது அந்த ஒரு பொருள்தான்.

அதோடு நின்றிருக்கலாம். டீக்கடை விட்டால்தானே. ஓடுகிறது டீசல், உன் கொழுப்பு சும்மா டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்துகொண்டு வருகிறது என்று அவரைக் கிண்டல் பண்ணினார்கள். நாலு பங்கு டீசல், ஒரு பங்கு இவர் எண்ணெய் என்ற கணக்கு ஊருக்கே தெரிந்துபோயிருந்தது. மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆடி மாதத்திலிருந்து டீசலே ஊற்றவில்லை. முழு டாங்கும் அவர் காய்ச்சிய எண்ணெய். ஜீப் ஏறியது, இறங்கியது, ஒரு நாளும் நிற்கவில்லை. ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. டீக்கடையில் சத்தம் அடங்கியது.

வேலூர்க்காரனுக்கு வெயிலைப் பற்றிப் பயம் உண்டு, தண்ணீரைப் பற்றி உண்டு. குளிர் ஒரு விஷயம் என்றே எங்களுக்குத் தோன்றாது. அதிலும் கன்னியப்பன் பொழுது சாய்வதற்குள் மலையிலிருந்து இறங்கிவிடுகிற ஆள். ஒரு ராத்திரியும் அந்த ஜீப் மேலே நின்றதில்லை.

அவருக்கு ஒரே மகள், எழிலரசி. நர்ஸுக்குப் படித்தவள். மலைமேல் நெல்லிமரத்தூரில் இருக்கிற துணைச் சுகாதார நிலையத்தில் அவளுக்கு வேலை. புருஷன் பூவரசன் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து உண்டானாள். ஒன்பதாம் மாதம் வளையல் அடுக்கினார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். மார்கழி பிறந்துவிட்டால் பெண்ணை அழைத்துவர மாட்டார்கள், தை வரை காத்திருந்தால் நாள் நெருங்கிவிடும். ஆகவே கார்த்திகையின் கடைசி நாள் காலை, ராகு காலத்துக்கு முன்னால் புறப்பட வேண்டும் என்று சௌந்தரம் நாள் குறித்துவிட்டார். மலைமேலிருந்து அவ்வளவு சீக்கிரம் கிளம்ப வேண்டுமானால் முந்தின நாளே போய்த் தங்க வேண்டும்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் ஜீப்பை என்னிடம் விட்டார். மகள் உட்கார்ந்து வரப்போகிற வண்டி, எல்லாவற்றையும் பார்த்துவிடு பாய் என்றார். பிரேக் பார்த்தேன். டாங்கைக் கழற்றிக் கழுவி, காயவைத்து மாட்டினேன். ஃபில்டர் புதுசு போட்டேன். பின் சீட்டுக்கு அவரே இலவம்பஞ்சு மெத்தை தைத்துக்கொண்டு வந்தார். டாங்க் நிறைய அவர் எண்ணெய். பேரப்பிள்ளை முதலில் ஏறுகிற வண்டி தாத்தா காய்ச்சிய எண்ணெயில் ஓடப்போகிறது என்று என் கடையில் வந்தவன் போனவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி நான் சொல்வது அவரும் பூவரசனும் எனக்குச் சொன்னது.

விடியற்காலை, வெளுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், கன்னியப்பன் ஜீப் கண்ணாடியில் பனியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குவார்ட்டர்ஸ் சமையலறையில் எழிலரசி குளிக்கப் பெரிய குண்டானில் வெந்நீர் கொதித்தது. மூச்சு விட்டால் புகை வருகிற குளிர். அப்போது உள்ளேயிருந்து பூவரசன் கூப்பிட்டான். எழிலரசி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் வழியாக ரத்தம் தரையில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் நர்ஸ். எத்தனையோ பேருக்குப் பிரசவம் பார்த்தவள். தனக்கு என்ன நடக்கிறது என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும்.

"நைனா, வண்டிய எடுங்க. நேரம் கம்மியாத்தான் இருக்குது" என்றாள். கத்தவில்லை. அழவில்லை. பிறந்ததிலிருந்து அவரை அவள் கூப்பிடுவது நைனா என்றுதான்.

மெத்தையில் படுக்கவைத்தார்கள். சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது, இரண்டு மூன்று இருமல் இருமியது, நின்றது. மறுபடி திருப்பினார். சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஃபில்டருக்குக் கீழே இருக்கிற கண்ணாடிக் கிண்ணம் பால் மாதிரி வெளுத்திருந்தது. டீசலில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் வெளுக்கும். டாங்க் கழுவிய தண்ணீர் என்று அவர் நினைத்தார். கிண்ணத்தைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், கையால் பம்ப் அடித்தார். மறுபடி சாவி. மறுபடி இருமல். பாட்டரி இறங்கிக்கொண்டே வந்து கடைசியில் டக் என்று ஒரு சத்தத்தோடு முடிந்தது.

பூவரசன் போன் கிடைக்கிற பாறைக்கு ஓடினான். ஆம்புலன்ஸ் வேறு ஒரு கேஸுக்கு வெகுதூரம் போயிருந்தது. அதைத் திருப்பி அனுப்புகிறோம், அடிவாரத்துக்கு வந்து நிற்கும், அதுவரை எப்படியாவது இறக்குங்கள் என்றார்கள். ஊர் எழுந்துவிட்டது. நெல்லிமரத்தூரிலிருந்து நேராக இறக்கம் கிடையாது. முதலில் ஒரு மேடு ஏற வேண்டும், அதற்கப்புறம்தான் மலை ரோடு கீழே போகும். ஜீப்பில் கயிறு கட்டினார்கள். முன்னால் ஆண்கள் இழுக்க, பின்னால் பெண்கள் தள்ள, பூவரசன் உள்ளே எழிலரசியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, கன்னியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்த மேட்டில் அங்குலம் அங்குலமாக ஏறினார்கள். வண்டி பின்னால் வழுக்கும்போதெல்லாம் டயருக்குக் கல் வைத்தார்கள். அந்த ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு எழிலரசிதான் பிரசவம் பார்த்தவள். அவர்கள் தள்ளிய தள்ளில் ஜீப்பின் பின்கதவுத் தகடு வளைந்துபோயிருந்தது. பிறகு அதை நிமிர்த்த வேண்டாம் என்று கன்னியப்பன் சொல்லிவிட்டார்.

வழியில் எழிலரசி ஒரு முறை தன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் வைத்துப் பார்த்தாள். அப்புறம் கையை எடுத்துவிட்டாள். ஏன் எடுத்தாள் என்று பூவரசன் கேட்கவில்லை.

மேட்டின் உச்சியிலிருந்து எஞ்சின் இல்லாமலே இறக்கினார். வளைவுக்கு வளைவு பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்து, கைப்பிரேக்கை இழுத்து, ரப்பர் தீய்கிற நாற்றத்தில் இறக்கினார். பாதி மலை இறங்கியபோது சூரியன் கிழக்கே ஏறி ரோட்டில் வெயில் விழுந்தது. காற்றில் குளிர் விட்டது. இறங்குகிற வேகத்திலேயே கியரைப் போட்டுக் கிளட்சை விட்டுப் பார்த்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, தடுமாற்றம் இல்லை. தினமும் ஓடுகிற மாதிரி, எதுவுமே நடக்காத மாதிரி ஓடியது. பக்கோடா வாசனைகூட வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் ஸ்டியரிங்கில் குத்திக்கொண்டு அழுதிருக்கிறார்.

அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. வேலூரில் ஆபரேஷன் பண்ணினார்கள். எழிலரசி பிழைத்தாள். பெண் குழந்தை, உயிர் இல்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று பூவரசன் கேட்டதற்கு, சொல்ல முடியாது என்று மட்டும் டாக்டர் பதில் சொன்னார். அந்தப் பதில் இன்றுவரை அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாய் டாங்கைக் கழுவித் தண்ணீரை விட்டுவிட்டான், ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டான். என் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை, ஆனால் பழகிய நாலு லாரி என் கடையைத் தாண்டிப் போய் நின்றது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த டாங்கைக் கவிழ்த்து வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்தவன் நான். தண்ணீர் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? தண்ணீர் இல்லையென்றால் வேறு என்ன என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் எனக்கும் தெரியாது. அன்றே ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஜீப்பின் டாங்கைத் திறந்து பார்த்தேன், எண்ணெய் தேன் மாதிரித் தெளிந்திருந்தது. அதில் ஒரு பாட்டில் பிடித்துக் கன்னியப்பன் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

தை பிறந்து ஒரு காலை, நான் ஷட்டரைத் தூக்கும்போது அவர் வந்தார். பாதி ஆளாகியிருந்தார். கையில் அந்தப் பாட்டில். ஸ்டூலில் உட்கார்ந்தார், டீ வேண்டாம் என்றார்.

"பாய், நான் கோவமா கேக்கல. உண்மைய மட்டும் சொல்லு. டாங்க்ல தண்ணி இருந்துச்சா?"

அவர் கண்ணைப் பார்த்தேன். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் எண்ணெய் இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும். இந்த ஒரு மாதம் நான் வாங்கிய பழி எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் என் வாய் வேறு சொன்னது.

"ஆமாண்ணே. கொஞ்சம் நின்னுருக்கும். என் தப்புதான்."

அவர் தலையாட்டினார்.  பிறகு அவர் பார்வை எனக்குப் பின்னால் இருக்கிற ஸ்டாண்டில் போய் நின்றது. அங்கே, கைவெடிப்புக்கு நான் பூசுகிற தேங்காய் எண்ணெய் பாட்டில். குளிருக்கு உறைந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. மார்கழியும் தையும் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். அவர் வீட்டிலும் சௌந்தரம் தினமும் அதை வாசல் வெயிலில் வைத்து உருக்குவார். கன்னியப்பன் எழுந்துபோய் அந்தப் பாட்டிலை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு அசையவில்லை.

"இது எப்பலேர்ந்து இப்படி கீது?" என்றார்.

குளிருக்கு உறைவதுதானே, வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லவந்த நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

எதிரே ஜூஸ் கடை. அவர் ரோட்டைக் கடந்து போனார். நான் பின்னாலேயே ஓடினேன். ஐஸ் பெட்டியைத் திறந்து தன் பாட்டிலை உள்ளே புதைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே குந்தி உட்கார்ந்தார். முதலில் எண்ணெய் லேசாக மங்கியது. பிறகு அடியில் நூல் நூலாக வெள்ளை. அப்புறம் பாட்டில் முழுக்க நெய் உறைந்த மாதிரி. எடுத்து ஜூஸ் கடை வாசல் வெயிலில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் தேன் நிறத்துக்குத் திரும்பிவிட்டது. மறுபடி ஐஸில் வைத்தார். மறுபடி வெளுத்தது. மூன்றாவது முறை வைக்கப் போனபோது நான் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டேன்.

"கலக்கச் சொன்னாங்க பாய், அந்த மேடம். எதுக்குன்னு நான் கேக்கவே இல்ல" என்றார்.

பழி என்னை விட்டுப் போய்விட்டது. அப்படி ஒரு விடுதலை எதிரிக்கும் வேண்டாம். அங்கேயே அந்த ரோட்டோரம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை யாருக்கும் சொல்ல வேண்டாம், தண்ணீர் என்றே இருக்கட்டும், என் தலையில் இருக்கட்டும் என்று கெஞ்சினேன். சௌந்தரமும் அதையேதான் கெஞ்சினாராம். பாய் ஒத்துக்கொண்டார் அல்லவா, பச்சை உடம்புக்காரி, இப்போது போய் அவளிடம் சொல்லாதீர்கள் என்று. அவர் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய், கட்டிலில் படுத்திருந்த மகளின் காலடியில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர் இல்லை, பாய் தப்பு இல்லை, நான் காய்ச்சிய எண்ணெய் குளிரில் உறைந்துவிட்டது என்று.

எழிலரசி எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அடுப்புல வெந்நி இருந்துச்சே. அத ஃபில்டர் மேல ஊத்தியிருந்தா ஓடியிருக்குமா?"

அவர் பொய் சொல்லவில்லை. ஓடியிருக்கும் என்றார்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. அவர் இருக்கிற அறைக்கு வரமாட்டாள், அவர் போட்ட தட்டில் சாப்பிடமாட்டாள் என்றெல்லாம் இல்லை. தண்ணீர் வைத்தால் குடிப்பாள். பேச்சு மட்டும் இல்லை. கன்னியப்பன் டிரம் மூன்றையும் கவிழ்த்துப் போட்டார். ஜீப்பைத் தார்ப்பாய் போட்டு மூடினார். ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தால் இருட்டும்வரை வரமாட்டார். பயந்துபோய்ச் சௌந்தரம் எனக்கு ஆள் அனுப்புவார், நான் போய்க் கூட்டி வருவேன். ஒரு நாள் வழியில் கேட்டார், மேலே குளிருக்கு நெய் உறையும், தேங்காய் எண்ணெய் உறையும், எல்லாம் கொழுப்புதானே, இருபது வருஷம் கொழுப்பிலேயே கையை வைத்திருந்தவனுக்கு அது தெரிய வேண்டாமா என்று. 

மாசியில் எழிலரசி திரும்ப வேலையில் சேரக் கிளம்பினாள். பூவரசன் கூட்டிப்போக வந்திருந்தான். கிளம்பும்போது, வீட்டு அலமாரியில் கிடந்த, அவர் ஐஸில் வைத்துப் பார்த்த அந்த எண்ணெய் பாட்டிலைத் தானே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று சௌந்தரம் கேட்க, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். எதற்கு என்று தனக்குப் புரிந்துவிட்டதாகக் கன்னியப்பன் நினைத்தார். தினமும் கண்ணில் பட்டு, தினமும் வெறுக்கத்தான் எடுத்துப் போகிறாள் என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அவள் போன மறுநாள் காலை அவருக்குப் போன் வந்தது. பாறைமேல் ஏறி நின்று பேசியிருக்கிறாள், பின்னால் காற்றுச் சத்தம்.

"உறைஞ்சிருக்கு" என்றாள். வைத்துவிட்டாள்.

அதற்கு மறுநாளும் அதே. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, "தெளிஞ்சிருக்கு" என்றாள். வைத்துவிட்டாள். கன்னியப்பன் என் கடைக்கு வந்து, இதற்கு என்ன அர்த்தம் பாய், என்னைச் சாகச் சொல்கிறாளா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. பாட்டிலை வாசலில் தொங்கவிட்டிருக்கிறாள், குளிர் எப்படி என்று பார்த்துச் சொல்கிறாள், உறைந்திருக்கிற நாளில் டீசல் போட்டுக்கொண்டு வா, தெளிந்திருக்கிற நாளில் உன் எண்ணெயைக் கலந்துகொண்டு வா என்கிறாள், இதுகூடவா விளங்கவில்லை என்று கத்தினேன். நான் சொன்னது சரியா என்று எனக்கே தெரியாது. அவர் கேட்டுக்கொண்டு போனார். தார்ப்பாயை எடுத்தார், கவிழ்த்த டிரம்களை நிமிர்த்தினார்.

இப்போது மாசம் நெருங்குகிற மலைப் பெண்களை அவர்தான் கீழே கொண்டுவந்து விடுகிறார். நாலு பங்கு டீசல், ஒரு பங்கு அவர் எண்ணெய், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. பொழுது சாய்ந்தால் மலையில் வண்டி நிற்காது. நெல்லிமரத்தூருக்குப் போனால் எழிலரசி ஜீப்புக்குப் பக்கத்தில் வருவாள், கர்ப்பிணியைக் கையைப் பிடித்து ஏற்றிவிடுவாள், டிரைவர் சீட்டுப் பக்கம் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். காலையில் போன் மட்டும் வரும். ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காக விடிவதற்கு முன்னே எழுந்து, குளித்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் நிற்பதாகச் சௌந்தரம் சொல்கிறார்.

சித்திரை பாதி தாண்டிக் கத்திரி வெயில் ஆரம்பித்துவிட்டது. வேலூரில் தார் ரோடு உருகுகிறது. மலைமேல்கூட இந்த நாளில் எந்த எண்ணெயும் உறையாது. பாட்டிலைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அது அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். போன் நின்றுவிடும் என்று அவர் பயந்துகொண்டிருந்தார். நிற்கவில்லை. தினமும் பாறை ஏறி, தெளிந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

நேற்றுக் காலை ஜீப்பை என் கடை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வண்டியில் கோளாறா என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் போனேன். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"தெளிஞ்சிருக்கு நைனான்னு சொன்னா, பாய்" என்றார்.